முதல் தலைமுறை மஞ்சள் கார்

இன்று காலை யார்டில் ஒரு காரின் மேல் கிடந்த துணி உறையை உருவினேன். உள்ளே மஞ்சள். கதவைத் திறந்தேன். வெயிலில் காய்ந்த தோல் இருக்கையின் வாசனை, அதற்கடியில் லேசாகப் பெட்ரோல், அதற்கும் அடியில் பழைய ரப்பர். உனக்கு எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று பதினோரு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவளை அந்த வாசனைதான் உட்கார வைத்தது. நம்முடைய மஞ்சள் கார் திரும்பி வந்திருக்கிறது.

நீ போனபோது எனக்கு ஏழாம் மாதம். மூன்றே நாள் காய்ச்சல் என்றார்கள். உன் ஊர் தூத்துக்குடி வரைக்கும் பயணம் கூடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். உன்னை அடக்கம் செய்த நேரத்தில் நான் சேரப்பணஞ்சேரி வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அதன்பிறகு பாப்பா பிறந்தாள். பால், தூக்கம், தடுப்பூசி, மறுபடி பால் என்று நாட்கள் ஓடின. மடல் எழுதாததற்கு அதெல்லாம் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், எழுத ஆரம்பித்தால் நீ இல்லை என்பது உறுதியாகிவிடும் என்று பயந்தேன்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் காஞ்சிபுரம் பக்கத்துக் கல்லூரியில் பி.இ.; நீ உன் ஊரில் டிப்ளமா. இருங்காட்டுக்கோட்டையில் நான்கு பெண்கள் சேர்ந்து எடுத்த அறையில் உன் பாயும் என் பாயும் ஒட்டினாற்போல் கிடந்தன. அந்தத் தெருவில் எல்லோரும் புதுக் கார் செய்கிற ஆலைகளுக்குப் போனார்கள். நாம் மட்டும், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கிச் சோதித்துச் சரிசெய்து விற்கிற நம் யார்டுக்குப் போனோம். ஷேர் ஆட்டோக்காரர் ஒருநாள் கேட்டார்.

“இன்னாமா, அல்லாரும் கம்பெனி வாசல்ல எறங்குறாங்கோ, நீங்க ரெண்டு பேரும் தாண்டிப் போய்க்கினே கீறீங்க. அங்க இன்னா வேல?”

“அவிய பெத்துப் போடுதாவ அண்ணே. நாங்க வளந்த பெறவு நாடி பாக்கோம்” என்றாய் நீ. அவர் அதன்பின் உன்னிடம் மட்டும் சில்லறை பாக்கி வைத்ததே இல்லை.

நாடிதான் பார்த்தாய். காரின் உடம்பைச் சோதிப்பது உன் வேலை. பெயின்டின் கனத்தை அளக்கும் கருவி உன் பையில் இருக்கும். ஆனால் முதலில் அதை எடுக்க மாட்டாய். கண்ணை மூடிக்கொண்டு, வலது கை விரல்களின் புறப்பக்கத்தால் தகட்டைத் தடவியபடி காரைச் சுற்றி நடப்பாய். எங்கேயாவது நின்றால் அங்கே நான் கருவியை வைப்பேன். எண் ஏறியிருக்கும். ஆலையில் அடித்த பெயின்டுக்கு மேல் யாரோ பிற்பாடு அடித்திருப்பார்கள். நீ நின்ற இடத்தில் எண் ஏறாமல் இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது கணக்குக்குள் அடங்காத விஷயமாக இருந்தது. இன்றும் அப்படித்தான்.

எப்படி என்று கேட்டதற்கு நீ சொன்னது: “உள்ளங்கை வேல செஞ்சு செஞ்சு மரத்துப் போச்சு. புறங்கைய யாரும் ஒரு வேலையும் சொல்லாம விட்டு வச்சிருக்காவ. அதான் அதுக்கு எல்லாம் தெரியுது.”

இப்போது பாப்பாவின் நெற்றியில் நான் புறங்கையைத்தான் வைக்கிறேன். வேலைக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அத்தைக்கு மணிக்கொரு தரம் போன் செய்கிறேன். “சூடு இருக்குதா, சூடு இருக்குதான்னு கேட்டுக்கினே இருக்கியே, இருக்குதும்மா! உசுரோட கீற கொழந்தைக்கு எவ்ளோ சூடு இருக்கணுமோ அவ்ளோ கீது. வையி போன” என்கிறார். மூன்று நாள் காய்ச்சல் என்ற சொல் எனக்குள் என்ன செய்திருக்கிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்?

மஞ்சள் கார் முதன்முதலில் வந்தது ஏழு வருடங்களுக்கு முன்னால். இரண்டே கதவு, இரண்டே இருக்கை. அந்த மாடலின் இரண்டாம் தலைமுறை அப்போதுதான் வெளியாகியிருந்தது. பெரிய திரை, அதிக வேகம், பளபளப்பு. மஞ்சள் காரின் சொந்தக்காரர் புதியதை எடுத்துக்கொண்டு பழையதை நம்மிடம் தள்ளிவிட்டார். மேனேஜர் சுற்றிவந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“புச்சு வந்துட்ச்சு. இனிமே இத்த எவன் கேப்பான்? கொறைச்சுப் போட்டு சீக்கிரம் தள்ளிவுடுங்கமா.”

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நீ எனக்குச் சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன்.

“ஏட்டி, கேட்டியா. புதுசு வந்த அன்னைக்கி பழசு விழும். மேனேஜர் சொல்லுதது சரிதான், இன்னைக்கி இது கெழவி. ஆனா மூணாவது ஒண்ணு வரும்லா? அதுல கியரு தானா மாறும். இஞ்சின் சத்தமே ஸ்பீக்கர்ல வந்தாலும் வரும். அன்னைக்கித்தான் இவனுவளுக்கு இதோட அருமை தெரியும்.”

“தெரிஞ்சா? காசு வேணாமா?”

“இந்தக் கார் மொத மொத வந்தப்பம் பத்தாங்கிளாஸ் படிச்சவன் பூராவும் இது படத்த செவுத்துல ஒட்டி வச்சிருந்தான். எங்க தெரு சைக்கிள் கடையில கூட ஒட்டியிருந்துச்சு. அவனெல்லாம் இப்பம் வேல தேடி அலையுதான். ஏழெட்டு வருசம் போட்டும். சம்பளம் கூடும். அப்பம் அவனுக்குப் புதுசு வேண்டாம், செவுத்துல பாத்ததுதான் வேணும்.”

“அப்போ இந்த ரெண்டாவது தலைமுறைய யாரு கேப்பா?”

“ஒருத்தரும் கேக்க மாட்டாவ. நடுவுல பொறந்தது. மூத்ததுக்கு மரியாத, கடைசிக்குச் செல்லம். எங்க வீட்டுல நான் நடுவுல உள்ளவ, எனக்குத் தெரியாதா?” என்று சொல்லி என் டப்பாவிலிருந்து அவித்த முட்டையை எடுத்துக்கொண்டாய்.

நான் நாலு வருடம் படித்த பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. ஒரு இயந்திரத்தின் மதிப்பு ஒவ்வொரு வருடமும் இறங்கும்; கோடு கீழ்நோக்கியே போகும். அந்தக் கோடு ஓரிடத்தில் நின்று, திரும்பி, மேலே ஏறும் என்று எனக்கு யாரும் வரைந்து காட்டியதில்லை. காரின் தலைமுறைக்குப் பக்கத்தில் மனிதர்களின் தலைமுறையையும் வைத்து நீ வரைந்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்தில் சோதனை ஓட்டம். ஓட்டுநரோடு ஒரு சுற்றுக்கு ஒருவர்தான் போக முடியும். நீ முதலில் போனாய். இறங்கி வந்து என் முன்னால் வாயைத் திறந்து காட்டினாய். “ஏட்டி, பல்லெல்லாம் அதது எடத்துல இருக்கான்னு பாரு.” நான் போனபோது சிரிப்பு வரவில்லை. நேர்ப்பாதையில் ஓட்டுநர் கியரை மாற்றாமல் மிதித்துக்கொண்டே போனார். சத்தம் ஏறியது, இதற்கு மேல் ஏறாது என்று நினைத்த இடத்தையும் தாண்டி ஏறியது. யாரோ ஊர் பேர் தெரியாத மனிதர்கள், ஒரு இரும்பு இப்படி மூச்சுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு உட்கார்ந்து செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது. கோவிலுக்குள் நுழைந்தவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்படிப்பட்ட காரைத்தான் நான் கெடுத்தேன்.

கோவையிலிருந்து ஒருவர், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சேர்த்து வைப்பவர், படம் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். நீ ஊரில், மாதா கோவில் திருவிழாவில் இருந்தாய். எஞ்சினை மூடியிருக்கும் பானெட்டின் முன்விளிம்பில் நெடுஞ்சாலைக் கற்கள் பட்டு ஊசிமுனையளவு புள்ளிகள் நிறைய இருந்தன. வழக்கமான கார்களுக்கு நாம் என்ன செய்வோம்? பெயின்ட் அடிப்போம். வாங்குகிறவர் பளபளப்பைத்தான் பார்ப்பார். வருகிறவர் கண்ணில் புள்ளி படக்கூடாதே என்று நானே வேலைச் சீட்டு எழுதிப் பெயின்ட் அறைக்கு அனுப்பினேன். கண்ணாடி மாதிரி வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை நீ திரும்பி வந்தாய். ஊர் மேக்ரூன் பெட்டிகளை மேசையில் வைத்துவிட்டு நேராகக் காரிடம் போனாய். புறவிரல் பானெட்டைத் தொட்டது. அங்கேயே நின்றது. கண்ணைத் திறக்கவே இல்லை நீ.

“ஏட்டி, தோல உரிச்சிட்டியே.”

எனக்குப் புரியவில்லை. நீ திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “இது மத்த கார் இல்லட்டி. இத வாங்க வாரவன் பளபளப்பு பாக்க வரல. ஆலையில அடிச்சது அப்படியே இருக்கான்னு பாக்க வாரான். அந்தப் புள்ளியெல்லாம் இது ஓடுன ரோடு. அடிச்சது அடிச்சதுதான், இனி மாதாவே வந்தாலும் திரும்ப வராது.”

அன்று மாலையே நான் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு நிச்சயதார்த்தம். பஸ் நிறுத்தத்தில் அழுதேன். “கல்யாணப் பொண்ணு கண்ணு வீங்கிப் போய் நிக்காத, போ” என்று ஏற்றிவிட்டாய். திங்கட்கிழமை திரும்பி வந்தபோது, அறை வாசலிலேயே நீ அந்தக் கோவைக்காரர் மாதிரி இடுப்பில் கைவைத்து நடித்துக் காட்டினாய். “ஏனுங்க, இந்தப் பானெட்டை யாருங்க தொட்டது? நல்லா இருந்த வண்டியைப் போட்டு இப்படிப் பண்ணி வெச்சிருக்கறீங்களே!” கருவியைப் பானெட்டில் வைத்து எண்ணைப் பார்த்ததும் அவர் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டாராம்.

“மேனேஜர்?”

“கத்துனாரு, அடங்கிட்டாரு. எல்லாம் முடிஞ்சிட்டு. நீ போயி ஒண்ணும் வாயத் தொறக்காண்டாம். மோதிரத்தக் காட்டு.”

நான் மோதிரத்தைக் காட்டினேன். ‘என்னவென்று சொன்னாய் அவரிடம்?’ என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று எனக்குள் எங்கேயோ தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் கார் குறைந்த விலைக்கு வேறு யாரிடமோ போனது. இரண்டு மாதம் கழித்து, காருக்கு விலை மதிப்பிடும் வேலை காலியானபோது அது எனக்கு வந்தது. உனக்கு வரும் என்றுதான் யார்டே எதிர்பார்த்தது. நீ மட்டும் சிரித்தாய். “நீ பி.இ., நான் டிப்ளமா. பெறவு என்ன?” நானும் அப்படித்தான் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

இனி இன்று நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் மூன்றாம் தலைமுறை வெளியாகிவிட்டது. கியர் தானாகத்தான் மாறுகிறது. நீ கேலியாகச் சொன்ன ஸ்பீக்கர் சத்தம்கூட இருக்கிறது! முதல் தலைமுறைக் கார்களை என்ன விலைக்குக் கேட்கிறார்கள் என்று காலையில் பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன். ஷோரூமில் புதிதாக வாங்கியவர் கொடுத்த விலையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இரண்டாம் தலைமுறை, நீ சொன்னபடியே, கேட்பாரில்லாமல் கிடக்கிறது. மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு, நீ நிற்கிற மாதிரி நினைத்து, “எப்படிடி?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அந்தச் சாப்பாட்டு மேசையில் நீ ஒரு காகிதத்தைக்கூடப் புரட்டவில்லையே.

அப்புறம் காரின் காகிதங்களைச் சரிபார்த்தேன். கையேட்டின் பின்னால், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த ஒரு தாள். சாய்ந்து சாய்ந்து விழும் உன் எழுத்து. கல் பட்ட புள்ளிகளோடு பானெட் இருந்த பழைய படத்தையும் அதோடு பின் அடித்திருந்தாய்.

‘முன் பானெட்டுக்கு இந்த யார்டில் மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது. விபத்து எதுவும் இல்லை. கல் புள்ளிகளை மறைக்க அடித்தது. அது தவறு. இந்த வேலைக்குச் சீட்டு கொடுத்தது நான்.’ கீழே உன் கையெழுத்து.

தாளோடு அந்தச் சிறிய காருக்குள் ஏறி உட்கார்ந்தேன். பானெட்டின் எண் ஏறியிருந்தால் அடுத்து வருகிறவர் விபத்து என்றுதான் நினைப்பார்; காருக்கு அந்தப் பழி வரக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறாய். எனக்கும் வரக்கூடாது என்று கடைசி வரியை எழுதியிருக்கிறாய். ஒரே தாளில் இரண்டு பேரைக் காப்பாற்றிவிட்டு, அன்று வாசலில் நின்று எனக்கு நாடகம் நடித்துக் காட்டினாய்.

மேனேஜர் வந்து கண்ணாடியைத் தட்டினார். அவரேதான், அதே மேனேஜர். முடி மட்டும் நரைத்துவிட்டது. தாளை வாங்கிப் படித்தார்.

“அட, இது இன்னும் இருக்குதா! பத்திரமா வையிமா. விபத்து இல்லன்னு எழுத்துல கீது, வெல நிக்கும்.” தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிஜமான இரக்கத்தோடு சொன்னார். “பாவம், நல்ல பொண்ணு. மொத்த சர்வீஸ்லயும் ஒரே ஒரு தப்புதான் பண்ணிச்சு.”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். உனக்கு இது தெரிய வேண்டும், அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்: பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். காரைச் சுற்றிப் படமெடுத்து விலை சொல்லும் கேமரா அறை ஒன்று யார்டுக்கு வரப்போகிறது. மதிப்பீட்டாளர்கள் மூன்று பேரில் ஒருவர் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. யார் அந்த ஒருவர் என்று சொல்லத் திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து வருகிறார்கள். ஆறு மாதம் விடுப்பில் இருந்தவள் நான். என் வீட்டுக்காரருக்கோ ஒப்பந்த வேலை. எப்போது வேண்டுமானாலும் நிற்கும். அலுவலகக் கதவு திறந்தாலே என் பெயரைத்தான் கூப்பிடப் போகிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்கிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

ஆனால் ‘ஒரே ஒரு தப்பு’ என்று அவர் சொல்லிவிட்டாரே.

“சார், அவ இல்ல. சீட்டு குடுத்தது நான்.”

“இன்னா?”

“அவ லீவுல இருந்தா சார். திருவிழாவுக்குப் போயிருந்தா.”

அவர் யோசித்தார். முகம் மெல்ல மாறியது. “ஆமா... வந்து எனக்கும் ஒரு பெட்டி மேக்ரூன் குடுத்துச்சு. அத்த தின்னுகினேதாம்மா அதும்மேல கத்துனேன்.” காரின் கூரையில் கைவைத்து நின்றார். “வெல போடுற போஸ்ட்டுக்கு அது பேரதான் எழுதி வச்சிருந்தேன். இதுக்காவத்தான் அந்தப் பேர அடிச்சுட்டேன்.”

அந்த வார்த்தை என்னிடம் வந்து சேர ஏழு வருடம் ஆகியிருக்கிறது.

“இப்போ வந்து சொல்றியே. திங்கக்கெழம இன்னான்னு தெரியும் இல்ல உனக்கு? கைக்கொழந்த வச்சிகினு கீறே.”

“தெரியும் சார்.”

“இத்தயும் எழுதி நான் அவங்க கையில குடுத்துதான் ஆவணும்.”

“குடுங்க சார்.”

போகிறவர் நின்று திரும்பினார். “சரி, இந்த வண்டிக்கு இன்னா போடப் போறே? பானெட் போச்சுன்னு நீயே சொல்லிட்டே.”

அவர் நினைத்ததைவிட அதிகமாகச் சொன்னேன். பானெட்டுக்காகக் கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டேன் என்றேன். பத்தாம் வகுப்பில் சுவரில் ஒட்டியவர்கள் எல்லோரும் இப்போது சம்பாதிக்கிறார்கள் என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். “இது அந்தப் பொண்ணு பேச்சு இல்ல?” என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மறுக்காமல் எழுதிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பயம் அப்படியேதான் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் பயம் போய்விடும் என்பதெல்லாம் எனக்கு நடக்கவில்லை. நடந்தது வேறு. மாலையில் பாப்பாவைத் தூக்கியபோது, இவளுக்கு என்றைக்காவது உன்னைப் பற்றிச் சொல்லும்போது ஒரு இடத்தில் வேகமாகத் தாண்டிப் போக வேண்டியிருந்திருக்கும், இனி அப்படித் தாண்ட வேண்டாம் என்று நினைத்தேன்.

நீ எழுதிய தாளை நான் திருத்தவில்லை; அதில் கை வைக்க எனக்குத் துணிவில்லை. அதன் பின்னால் புதிதாக ஒரு படிவத்தைச் சேர்த்தேன். நம் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு, உனக்குத் தெரியுமே. ‘வேலைக்குச் சீட்டு கொடுத்தவர்’ என்ற கட்டத்தில் என் பெயர். ‘பரிசோதித்துக் கண்டறிந்தவர்’ என்ற கட்டத்தில் உன் பெயர். அவசரத்துக்கு நாங்கள் கூப்பிடும் பாதிப் பெயர் இல்லை. ஞானஸ்நானப் பெயரோடு, அப்பா பெயரோடு, கட்டத்துக்குள் அடங்காமல் விளிம்புவரை போய், முழுதாக.